வெடிப்பேரிகளின் விளிம்பில் நின்ற கலியபெருமாள்

காலை ஆறரை மணிக்குச் சரவணன் தொலைபேசியில் அழைத்தபோது நான் பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "டீச்சர், பெரியப்பா போயிட்டாங்க" என்றான். "எங்கடா போயிட்டாரு? ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னாரே" என்று அதே கோபத்தில் அவனையும் அதட்டினேன்.  அவனுக்குப் பின்னால் ஒரு பெண் பெருங்குரலெடுத்து அழுவது கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பால்காரர் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

கலியபெருமாளை உங்களில் பலருக்குப் பலவிதமாகத் தெரியும். திருவையாற்றுக்குப் பக்கத்தில் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தவராகத் தெரிந்திருக்கும். அதற்கு முன்னால் சவூதியில் பல வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவராகத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் என் புத்தகத்தின் பாதி. அட்டையில் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும் என்று நான் சொன்னபோது, "அட போங்க டீச்சர், பாய்லர்காரன் பேரைப் பாத்தா எவன் வாங்குவான்?" என்று சிரித்தார். நான் கேட்கவில்லை, போட்டுவிட்டேன். அவருடைய பேச்சை மீறி நான் செய்தவற்றில் அது ஒன்றுதான் உருப்படியான காரியம்.

அது வெடிப்பேரிகளைப் பற்றிய புத்தகம். வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பூமிக்கடியிலிருந்து மேலேறி வரும் நெருப்புக்குழம்பு வழியில் நிலத்தடி நீரைத் தொட்டால், நீர் ஒரு நொடியில் ஆவியாகித் தரையையே பிய்த்தெறிந்துவிடும். அங்கே மலை எழும்பாது, பள்ளம்தான் விழும். பள்ளத்தைச் சுற்றித் தாழ்வாக ஒரு மேடு இருக்கும். பிறகு அதில் தண்ணீர் ஊறி ஏரியாகிவிடும். ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஏரிகளை 'மார்' என்பார்கள். நாங்கள் வெடிப்பேரி என்று வைத்துக்கொண்டோம். தரையைத் தோண்டினால் வண்டலைத் தவிர வேறொன்றும் வராத ஊரில், ஒரு கருங்கல் வேண்டுமென்றாலும் வெளியூரிலிருந்து லாரியில்தான் வரவேண்டிய ஊரில், இரண்டு பேர் உட்கார்ந்து எரிமலையைப் பற்றி எழுதினோம். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

அவர் முதன்முதலில் என் வீட்டுக்கு வந்தது என்னைத் திருத்துவதற்கு. ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சவூதியின் வஹ்பா பள்ளத்தைப் பற்றி நான் எழுதியிருந்தேன். வானத்திலிருந்து ஒரு பெருங்கல் விழுந்து உண்டான பள்ளம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். நான்காம் நாள் மஞ்சள் பையோடு ஒருவர் வாசலில் நின்றார். "இது நீங்க எழுதினதா டீச்சர்?" என்று இணைப்பை நீட்டினார். ஆமாம் என்றேன். "நல்லாருக்கு. ஆனா தப்பு" என்றார். முப்பத்திரண்டு வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவளிடம், அவள் வீட்டு வாசலிலேயே வந்து சொல்கிற பேச்சா இது? எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வானத்திலேருந்து விழலேன்னா, நீங்க மம்பட்டி வெச்சு வெட்டினீங்களாக்கும்?" என்றேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "நான் வெட்டலீங்க. தண்ணியும் நெருப்பும் சேந்து வெட்டுச்சு" என்றார்.

உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தார். இளைத்த உருவமாக அவர் நிற்கிறார். பின்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வட்டமாக ஒரு பெரும்பள்ளம், அதன் அடியில் பால் கொட்டியதுபோல் வெள்ளை உப்பு. அங்கே ஆராய வந்த நிலவியல்காரர்களின் கூடாரத்துக்கு இவர்தான் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார். அவர்களோடு வேலை செய்த மலையாளி ஒருவர் இவருக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். "நம்ம நெலக் கணக்குல நூறு வேலிக்கு மேல இருக்கும் டீச்சர். ஆழம், நம்ம பெரிய கோயில் விமானத்தை நாலு தடவை அடுக்கினாத்தான் மேல வரும்" என்றார். அடியில் இறங்கிப் பார்த்தீர்களா என்று ஆசையாகக் கேட்டேன். "பாதை இருந்துச்சு. கூட வந்தவங்க எல்லாம் எறங்கினாங்க. மூணு தடவை போனேன், மூணு தடவையும் நான் மேலேயே நின்னுட்டேன்" என்றார். "சரியான பயந்தாங்கொள்ளியா இருக்கீங்களே!" என்று நான் சிரித்தேன். "ஆமாங்க டீச்சர்" என்று சொல்லிப் படத்தை வாங்கி மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் புத்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. இதில் வேடிக்கை, நம் நாட்டு லோனாரில் கல் விழுந்த பள்ளத்தை வெகுகாலம் எரிமலையின் வேலை என்று நினைத்திருந்தார்கள். வஹ்பாவில் எரிமலைப் பள்ளத்தைக் கல் விழுந்தது என்றார்கள். நான் இரண்டாவது கூட்டத்தோடு போய்ச் சேர்ந்திருந்தேன். அடுத்த வாரம் இணைப்பில் என் தவறை ஒப்புக்கொண்டு நாலு வரி எழுதினேன். அதைக் கத்தரித்து அவர் ஆலைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. "டீச்சரே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டியிருக்கிறார், மனுஷன்.

எனக்கு வெடிப்பேரி உண்மையில் புரிந்தது அவருடைய ஆலையின் பின்புறத்தில்தான். அங்கே பாய்லரிலிருந்து அள்ளிக் கொட்டிய உமிச்சாம்பல் குன்றுபோல் கிடக்கும். மேலே பார்த்தால் ஆறிப்போன மாதிரி இருக்கும், உள்ளே தணல் கனன்றுகொண்டிருக்கும். என்னைத் தூரத்தில் வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு, நீளமான இரும்புக் குழாயைச் சாம்பலுக்குள் சொருகி, மறுமுனையில் தண்ணீர் விட்டார். முதலில் புஸ்ஸென்று கொஞ்சம் ஆவி வந்தது. அவ்வளவுதானா என்று நான் முகத்தைச் சுளிக்கும்போதே டப்பென்று வெடித்து, சாம்பல் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அடங்கிய பிறகு பார்த்தால் நடுவில் வட்டப் பள்ளம், சுற்றிலும் தாழ்ந்த கரை. "கொஞ்சம் தண்ணின்னா நெருப்பு குடிச்சுடும். நெறைய தண்ணின்னா நெருப்பு அணைஞ்சுடும். சரிக்குச் சரியா மாட்டிக்கிட்டாத்தான் டீச்சர் வெடி" என்றார். என் வெள்ளைப் புடவை முழுக்கச் சாம்பல். வீட்டுக்குப் போய் மூன்று தண்ணீரில் அலசினேன்.

அன்றைக்கே புத்தகம் எழுதுவதென்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு வருவார். நான் எழுதியதை அவர் சத்தமாகப் படிப்பார். அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஆலையில் நெல் அள்ளுகிறவர்களுக்குப் படித்துக் காட்டும்போது அவர்கள் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டால், அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும். முதல் அத்தியாயத்தை நான்கு முறை எழுதினேன். "ஜெர்மனி வந்ததும் எந்திரிச்சுட்டாங்க டீச்சர்" என்று வந்து நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே ஒரு வெடிப்பேரிக் கரையில் சின்னதாக ஒரு கோயிலும் கல்லறைகளும் இருக்கின்றன, அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் தங்கள் இறந்தவர்களை அந்த ஏரியைப் பார்த்தாற்போல் புதைக்கிறார்கள் என்று நான் மாற்றி எழுதிய பிறகுதான் யாரும் எழுந்து போகவில்லையாம்.

சாம்பல் கூம்பு என்பது வெடிப்பேரியின் உடன்பிறப்பு. கடலோ ஏரியோ ஆழமில்லாமல் கிடக்கும் இடத்தில் நெருப்பு வெளியே வந்தால், சாம்பல் ஈரத்தோடு விழுந்து செங்குத்தாகக் குவிந்து இறுகிவிடும். ஹவாய்த் தீவில் கடலோரம் நிற்கும் 'டயமண்ட் ஹெட்' என்ற வைரத்தலைக் குன்று அப்படிப்பட்டது. எப்படி அது சரியாமல் அவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை எழுத நான் திணறிக்கொண்டிருந்தபோது, "வரப்பு போடுறதைப் பாத்ததில்லையா நீங்க? ஈரச் சேத்தை அணைச்சு வெச்சா நின்னுக்கும். காஞ்ச மண்ணைக் கொட்டினா சரிஞ்சுதான் போகும்" என்றார். அலாஸ்காவில் எங்கள் இளவயதில் பத்தே நாளில் இரண்டு வெடிப்பள்ளங்கள் புதிதாக உண்டாயின என்று படித்தபோது அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பத்து நாள்ல ரெண்டு ஏரி! நம்ம ஊர்ல இருக்கிற ஏரியைத் தூர்வாரவே பத்து வருசமா மனு குடுக்குறாங்க" என்றார். அன்று நாங்கள் வேலை எதுவும் செய்யவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தோம்.

கேமரூன் நாட்டு நியோஸ் ஏரியின் அத்தியாயத்தை மட்டும் நான் படித்தேன், அவர் கேட்டார். தொண்டை சரியில்லை என்றிருந்தார். அதுவும் ஒரு வெடிப்பேரிதான். அதன் அடியில் கரியமில வாயு வெகுகாலமாகத் தண்ணீரில் கரைந்து சேர்ந்துகொண்டே இருந்தது. ஒருநாள் ஏரி புரண்டு, வாயு முழுவதும் கரையைத் தாண்டி வழிந்தது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஒட்டிப் பள்ளத்தாக்குகளில் இறங்கிற்று. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு பேரும் அவர்களுடைய மாடுகளும் இருந்த இடத்திலேயே மூச்சடைத்து மாண்டுபோனார்கள். மேட்டில் இருந்தவர்களில் பலர் தப்பினார்கள். நான் படித்துக்கொண்டே போனேன். 

"அந்தக் காத்து கண்ணுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வாசம்?" அதுவும் பெரிதாக இருக்காது என்றேன். "பள்ளம்னா போய்த் தங்கிக்கும்?" தங்கும் என்றேன். "கெணத்துலயும்?" மூடிக் கிடந்த கிணறாக இருந்தால், இலைதழை மக்கி அப்படி ஆவதுண்டு என்றேன். அவர் கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பத்து வருஷமாக வந்துபோகிற மனிதர், தனக்கு ஒரு தம்பி இருந்ததை அன்றைக்குத்தான் சொன்னார்.

தம்பியின் பெயர் முருகையன். மேட்டூர் அணை திறக்கத் தாமதமான ஒரு வருஷம், நாற்றங்கால் காய்ந்துபோகும் என்று, பல காலமாகப் பனஞ்சட்டம் போட்டு மூடியிருந்த வயல் கிணற்றை அண்ணன் தம்பி இருவரும் திறந்தார்கள். மோட்டார் குழாயின் அடிமுனையில் ஃபுட்வால்வைப் பொருத்த முருகையன் இறங்கினான். பாதி ஆழத்தில் கயிற்றிலிருந்து கை நழுவி, ஒரு கூப்பாடுகூட இல்லாமல் விழுந்தான். "நான் ஒரு காலை உள்ள விட்டேன் டீச்சர். எடுத்துட்டேன்" என்றார். பக்கத்து வயல்காரர் ஓடிவந்து இறங்கப் போனார். அவரையும் இவர் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. கொக்கி போட்டு மேலே எடுத்தபோது முருகையன் உயிரோடு இல்லை. தானும் இறங்கவில்லை, இறங்க வந்தவனையும் விடவில்லை என்று ஊர் சொன்னது. முருகையன் மனைவி செந்தாமரை அப்போது நிறைமாதம். பாடையின் தலைமாட்டில் நின்று அவள் இவரைப் பார்த்துச் சொன்ன சொற்களை அவர் என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தக் குழந்தைதான் சரவணன். கடைத்தெருவில் அம்மா இல்லாதபோது பார்த்தால் மட்டும் "பெரியப்பா" என்பானாம்.

நான் அழுதுவிட்டேன். முதல்நாள் நான் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். செந்தாமரையிடம் போய் இந்த வாயு விஷயத்தைச் சொல்லுங்கள், அன்று நீங்கள் இறங்கியிருந்தால் இரண்டு பாடை எடுத்திருப்பார்கள் என்று அவளுக்குப் புரியட்டும் என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "நான் போய்ச் சொன்னா எனக்காகப் பேசுற மாதிரி ஆயிடும். நீங்க புஸ்தகத்துல எழுதுங்க. இந்த அத்தியாயத்துக்குப் பின்னாடி நம்ம ஊரு கெணத்தைப் பத்தி ஒரு பக்கம். மூடின கெணத்துல எறங்குறதுக்கு முன்ன என்ன செய்யணும், ஒருத்தன் விழுந்தா அடுத்தவன் ஏன் எறங்கக்கூடாதுன்னு."

அதை நான் எழுதவில்லை. இங்கே உங்கள் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேமரூன் ஏரிக்குப் பின்னால் ஃபுட்வால்வு வந்தால் புத்தகத்தின் அழகு கெட்டுவிடும் என்று எனக்குப் பட்டது. "உலகத்து வெடிப்பேரிகளைப் பத்தின புத்தகம் கெட்டுடும் கலியபெருமாள்" என்றேன். "புஸ்தகம் கெட்டாப் பரவாயில்லீங்க" என்றார். எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை அது. நான் குரலை உயர்த்தினேன், அவர் உயர்த்தவில்லை. புத்தகம் அந்தப் பக்கம் இல்லாமலே வந்தது. வெளியான அன்று ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்து, எதுவும் நடக்காததுபோல் அட்டையைத் தடவிப் பார்த்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்கடுத்த வருஷமும் மேட்டூர் திறக்க நாளாயிற்று. வாசகர் கடிதம் ஒன்றைக் காட்டுவதற்காக ஆலைக்குப் போயிருந்தேன். அப்போது மோட்டார் மெக்கானிக் ஒருவர் நீளக் கயிறு இரவல் கேட்டு வந்தார். போர்வெல் மண் அடைத்துக்கொண்டதால் சரவணன் பழைய வயல் கிணற்றைத் திறந்துவிட்டான், இறங்கக் கயிறு பற்றவில்லை என்றார். கலியபெருமாள் உடனே சரவணனுக்குத் தொலைபேசியில் அடித்தார், எடுக்கவில்லை. மின்வெட்டுக்காக மாட்டியிருந்த அரிக்கேன் விளக்கை எடுத்து என் கையில் திணித்து, "ஏறுங்க டீச்சர்" என்று டிவிஎஸ்ஸை உதைத்தார். அறுபது வயதைத் தாண்டிய நான், பட்டப்பகலில், மடியில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் போனேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

நாங்கள் போனபோது சரவணன் கிடைத்த கயிற்றை இடுப்பில் கட்டி ஒரு காலைக் கிணற்றுக்குள் விட்டிருந்தான். கலியபெருமாள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து அவனை மண்ணில் தள்ளினார். செந்தாமரை வரப்பில் நின்றிருந்தாள். கணவனின் அண்ணனான மூத்தாரின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கமில்லை. அதனால் வயலைப் பார்த்தபடி, "அன்னைக்கு நின்னு வேடிக்கை பாத்தவங்க இன்னைக்கு எதுக்கு ஓடி வர்றாங்களாம்?" என்றாள். கலியபெருமாள், எரிகிற வாயுவும் உள்ளே இருக்கலாம் என்று எல்லோரையும் தூரப் போகச் சொன்னார். விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி, தானும் கொஞ்சம் தள்ளி நின்று, எட்டிப் பார்த்தபடி, கயிற்றை ஒரு கழியின் மேல் போட்டு மெதுவாக இறக்கினார். இரண்டு ஆள் ஆழம் போனதும் சுடர் சுருங்கி அணைந்தது.

விளக்கை மேலே இழுத்து மறுபடி ஏற்றி இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது. மூன்றாவது முறை ஏற்றியபோது, "சரவணா, கயித்தை அம்மா கையில குடு" என்றார். செந்தாமரை வாங்கமாட்டாள் என்று நினைத்தேன், வாங்கினாள். கை நிதானமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். காற்றில்லாத நேரம், ஒரு இலைகூட அசையவில்லை. அவள் கையிலேயே விளக்கு அணைந்தது. அவள் கயிற்றைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றாள். அவளுக்கு எது தெரிந்ததோ, முருகையன் இறங்கியது தெரிந்ததோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு திரும்பி, முப்பது வருஷத்தில் முதல்முறையாக, அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இது அன்னைக்கே தெரியுமா மாமா உங்களுக்கு?"

தெரியும் என்று சொல்லுங்கள் என்று நான் மனதுக்குள் கதறினேன். ஒரே சொல். சொல்லிவிட்டால் அத்தனை வருஷப் பழியும் அந்த வரப்பிலேயே கழிந்துபோகும். பொய் என்று யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கமாட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியாதும்மா. பயந்துட்டேன். பயந்துதான் நின்னேன்."

செந்தாமரை அணைந்த விளக்கை மேலே இழுத்தாள். கயிற்றைச் சுருட்டிக் கரையில் போட்டாள். மகனிடம், "பனஞ்சட்டத்தை எடுத்துப் போட்டு மூடு" என்றாள். கொஞ்ச தூரம் நடந்து போனவள் நின்று, அவனிடமே, "மோர் இருக்கு. குடிச்சுட்டுப் போகச் சொல்லு" என்றாள். அந்த வீட்டுச் செம்பை வாங்கிக் கலியபெருமாள் அண்ணாந்து குடித்தபோது மோர் பாதி சட்டையில் சிந்திற்று. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் கூடிவந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. பேச்சு ஒட்டியும் ஒட்டாமலும் நடந்தது. பொங்கலுக்குக் கரும்பு வந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்தபோது சரவணன் கஞ்சி கொண்டுவந்தான். பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட மகள் வந்துபோகும்போது செந்தாமரை வாசல்வரை வந்து குசலம் விசாரித்தாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. "வெடிச்ச உடனே யாருங்க ஏரி பாக்குறாங்க? தண்ணி ஊற நாளாகும்ல" என்று என்னிடம் சொல்லிக்கொண்டார்.

புத்தகம் இரண்டாம் பதிப்புக்கு வந்தபோது, அவர் கேட்காமலே, கிணற்றுப் பக்கத்தை எழுதிக்கொண்டுபோனேன். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்கக்கூடாது, மேலிருந்தே கயிறும் கொக்கியும் போட வேண்டும், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் எழுதி, நடுவே அவருடைய கதையையும் வைத்திருந்தேன். ஆபத்தை உணர்ந்த அண்ணன் அறிவோடு விளிம்பில் நின்றார் என்று ஒரு வாக்கியம். என் மனச்சாட்சிக்கு நானே தடவிக்கொண்ட மருந்து அது. அவர் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து அங்கே நிறுத்தினார். பென்சிலால் அதன்மேல் கோடு இழுத்தார். "பயந்து நின்றார்னு போடுங்க டீச்சர்" என்றார்.

உங்களை ஏன் நீங்களே தாழ்த்திக்கொள்கிறீர்கள் என்று கோபப்பட்டேன். "தாழ்த்திக்கலீங்க" என்றார். "நாளைக்கு எங்கயாவது ஒருத்தன், வாயு கீயு ஒண்ணும் தெரியாம, பயந்துபோய்க் கெணத்து மேல நிப்பான். உள்ள அவனோட அண்ணனோ தம்பியோ கெடப்பான். அவனை ஊரு ஏசாம இருக்கணும்ல."

அவருக்குச் சரவணன்தான் கொள்ளி வைத்தான். அவர் போன அன்று நான் தொலைபேசியில் கேட்ட அழுகுரல் செந்தாமரையுடையது. கருமாதியன்று அச்சகத்திலிருந்து வந்த அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு அவள் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "அவரைப் பத்தி எழுதியிருக்கீங்களாம். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, படிங்க" என்றாள். படித்தேன். தம்பி விழுந்ததும் அண்ணன் ஒரு காலை உள்ளே வைத்து எடுத்துவிட்டார், பயந்து நின்றார் என்ற இடம் வந்ததும், என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

கலியபெருமாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வரி மட்டும்தான். எழுதியது நான், ஆனால் வரி அவருடையது. அன்று செந்தாமரை என் மணிக்கட்டை விடவில்லை. "அதை மட்டும் இன்னொரு தடவை படிங்க டீச்சர்" என்றாள். படித்தேன். "நல்ல வேளை, பயந்தாரு" என்றாள். சொல்லிவிட்டு, பந்தலில் இலை எடுத்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.